வாளிக்கு அடியில் ஐந்து துளை

(புரட்டாசி ஞாயிறு ஒன்றில், திருப்பூரில் வீட்டுத் தோட்டம் போடுவோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போட்டு ஆள் சேர்ப்பது சுலபமில்லை. வாரச் சம்பளம் கைக்கு வந்த மறுநாள் அது. கறி எடுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், ஆறு நாள் பாக்கித் தூக்கம் வேறு இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை எனக்காக ஒதுக்கியிருக்கிறீர்கள். அதனால் கையில் மண் ஒட்டுகிற விஷயத்தை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஆபீஸ் சுவரில் எப்போதும் ஒரு காலண்டர் தொங்கும். ஐரோப்பாவிலிருந்து ஒரு பையர் அனுப்புவது. எந்த வருஷத்துக் காலண்டராக இருந்தாலும் அக்டோபர் பக்கத்தில் வரும் படம் மட்டும் மாறாது. மரமெல்லாம் சிவந்திருக்கும், தரையெல்லாம் இலை கொட்டியிருக்கும், யாராவது ஒருவர் சருகைக் கூட்டிக்கொண்டிருப்பார். அவர்களுக்கு அது தோட்டத்துக் கதவைச் சாத்துகிற மாதம். பனி வருவதற்குள் செடியை வெட்டி, வேரை மூடி, குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள்.

அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் அவர்களுடைய அடுத்த கோடைக்கு அரைக்கை டி-ஷர்ட் சாம்பிள் பார்த்துக்கொண்டிருப்போம். ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருக்கும். சுவரில் இலையுதிர் காலம், மேஜையில் கோடைக்காலம், வெளியே மழைக்காலம்! மூன்று பருவமும் ஒரே அறையில். அதில் நம்முடையது எதுவோ அதைத்தான் நாங்கள் யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இந்த ஊர் வயிறு வளர்ப்பது அடுத்தவர் பருவத்தைக் கணக்குப் போட்டுத்தான். அதைக் குறை சொல்லவில்லை, நானும் அதில்தான் சாப்பிட்டேன். ஆனால் மாடியில் இருக்கும் தக்காளிச் செடிக்கு ஷிப்மென்ட் தேதி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை.

'இலையுதிர் காலம்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நம் ஊரில் அது எப்போது வருகிறது? வேப்ப மரத்தைப் பாருங்கள். மாசி, பங்குனியில் இலை கொட்டி, சித்திரையில் பூவோடு நிற்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி பார்த்திருப்பீர்கள். கோடையில் அது வெறும் குச்சி. மழை இறங்கிவிட்டால் பச்சைச் சுவர். நம் மண்ணில் இலையை உதிர வைப்பது குளிரல்ல, காய்ச்சல். அக்டோபர் இங்கே துளிர்க்கிற மாதம். பழந்தமிழர் பருவக் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மழையும் வாடையும் சேர்ந்த அந்தக் கூதிர்தான், அந்தக் காலண்டரின் அக்டோபர் பக்கத்துக்கு நம் ஊரில் உள்ள இணை. அங்கே மூடுகிறார்கள், இங்கே திறக்க வேண்டும்.

ஏன் இப்போது? 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றுதானே பழமொழி என்று நீங்கள் கேட்கலாம். பழமொழி சரிதான். ஆனால் ஆடியில் நம் ஊருக்கு வருவது மழையைவிடக் காற்றுதான். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்திலேயே இறக்கி வைத்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு மிச்சக் காற்று வருகிறது. அந்தக் காற்றுக்காகத்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். காற்றாலைக்குக் கொண்டாட்டமென்றால் மாடித் தோட்டத்துக்குத் திண்டாட்டம். ஆடியில் மூன்றாவது மாடியில் பப்பாளிக் கன்று வைத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் அவர்கள் முகத்தைப் பாருங்கள், தெரியும்!

புரட்டாசி கடைசியில் அந்தக் காற்று அடங்கும். அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கம். மாநிலச் சராசரியைவிடக் குறைவாக மழை பெறும் மாவட்டம் நம்முடையது. கிடைக்கிற மழையிலும் ஏறக்குறையப் பாதி இந்தப் பருவத்தில்தான் விழுகிறது. காற்று அடங்கி, வெயில் தணிந்து, மழை தொடங்குகிற இந்த இடைவெளிதான் நம் வீட்டுத் தோட்டத்துக்கு நல்ல நேரம்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நம் ஊர் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குடிக்கும் தண்ணீர் குழாயில் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும், அதைச் செடிக்கு ஊற்ற மனசு வராது. ஆகவே பத்து மாதமாகச் செடி உப்புத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறது. உங்கள் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். மண் மட்டத்துக்குச் சற்று மேலே வெள்ளையாக ஒரு வளையம் ஓடும், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அதுதான் உப்பு. அது மண்ணுக்குள்ளேயும் இருக்கிறது, வேரைத் தண்ணீர் குடிக்க விடாமல் தடுக்கிறது. இலை ஓரம் கருகினால் உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போடுகிறோம், உப்பு இன்னும் ஏறுகிறது. இதற்குக் கடையில் மருந்து கிடையாது, மழைதான் மருந்து. சாயம் போட்ட துணியை அலசுகிற மாதிரி, நல்ல மழைத் தண்ணீர் மேலே விழுந்து அடியில் வெளியேறினால் உப்பு கரைந்து போய்விடும்.

'அடியில் வெளியேறினால்' என்றேனே, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் அதுதான். அதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் வருஷம் பன்னிரண்டு பெயிண்ட் வாளி வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரே ஒரு துளை. தக்காளியும் கத்தரியும் வைத்தேன். தீபாவளிக்குக் கம்பெனி லீவு விட்டதும் குடும்பத்தோடு குண்டடம் பக்கம் ஊருக்குப் போய்விட்டோம். மழை நன்றாகப் பெய்கிறது, செடிக்குத் தண்ணீர்க் கவலை இல்லை என்று மனசு நிறைந்திருந்தது. ஒன்பதாம் நாள் வந்து பார்த்தால் பன்னிரண்டு வாளியும் ததும்பி நிற்கிறது. அத்தனை தண்ணீரிலும் செடி வாடிக் கிடக்கிறது. ஒன்றைப் பிடுங்கினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, விரலில் வழுக்கிக்கொண்டு வந்தது. சாக்கடை நாற்றம். எதிர் வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங் தம்பி, செடிக்கு நீச்சலா கத்துக் குடுக்கறீங்க?"

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணில் துகளுக்குத் துகள் இருக்கும் இடைவெளியில் காற்று நிற்க வேண்டும். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் ஓரிரு நாளில் வேர் திணறுகிறது, பிறகு அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி வாடுகிறது. இதைப் பார்த்து, செடி வாடுதே என்று இன்னொரு சொம்பு ஊற்றுகிறவர்களும் உண்டு.

தண்ணீர் பஞ்சத்தில் வளர்ந்தவர்கள் நாம். தண்ணீரைத் தேக்கத்தான் நமக்குத் தெரியும், வெளியே விடக் கை வராது. ஐப்பசித் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுவது வேலையே அல்ல. வந்த தண்ணீரைப் போக விடுவதுதான் வேலை. இருபது லிட்டர் வாளியென்றால் சுண்டுவிரல் நுழைகிற அளவில் அடியில் ஐந்து துளை, பக்கவாட்டில் ஒரு அங்குல உயரத்தில் மூன்று துளை. வாளி தரையில் ஒட்டி உட்காரக் கூடாது, இரண்டு ஓட்டுத் துண்டு மேல் நிற்க வேண்டும். உள்ளே இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மட்கிய தொழு உரம், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு. நார்க்கழிவுக்கு நமக்குப் பஞ்சமில்லை, காங்கேயம், உடுமலை பக்கமே கிடைக்கும். ஆனால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், அதிலும் உப்பு உண்டு.

வாளி என்றதும் ஒரு எச்சரிக்கை. சாயப்பட்டறையிலிருந்து வரும் பழைய கெமிக்கல் கேன் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அதில் காய்கறி வேண்டாம். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கு ஆகாமல் போனதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்த ஊர் இது. அந்தப் பாடத்தை மறுபடி வாளியில் படிக்க வேண்டியதில்லை.

சரி, என்ன நடலாம்?

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் இப்போது நாற்று விடுங்கள். தக்காளி 25 நாளில் பிடுங்கி நடத் தயாராகும். கத்தரிக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு அதைவிட ஒரு வாரம் பத்து நாள் கூட ஆகும். விதையோடு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி பூஞ்சைப் பொடி கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். நாற்றுத் தொட்டி மட்டும் மழை நேராக அடிக்காத இடத்தில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் நாற்றுக்கு நூல் சுற்றி வரும் அட்டைக் கோனைப் பயன்படுத்துகிறோம். குறுகிய முனையைக் கீழே வைத்து மண் நிரப்பினால் ஒரு கோனுக்கு ஒரு நாற்று. நடும்போது கோனைக் கிழித்துவிட்டு வைத்தால் வேர் அசையாது.

இன்னொரு பொருளும் நம் ஊரில் குப்பையாகக் கிடைக்கிறது. கட்டிங் வேஸ்டில் ரிப் துணி இருக்கும், கழுத்துப் பட்டிக்கு வைப்பது. காட்டனாகப் பார்த்து, விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். தக்காளித் தண்டைக் குச்சியோடு கட்டும்போது தண்டை ஒரு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, குச்சியை ஒரு சுற்று. பிளாஸ்டிக் கயிறானால் தண்டு பருக்கப் பருக்க அறுத்துவிடும். ரிப் துணி தண்டோடு சேர்ந்து விரியும். கழுத்து நுழைய விரிந்து கொடுக்கிற துணி, தக்காளிக்கு விரியாதா?

அவரைக்கு ஒரு குணம் உண்டு. பந்தலில் ஏறுகிற நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். சித்திரையில் விதைத்துவிட்டு, கொடி மட்டும் ஓடுகிறது, பூவே இல்லை என்று திட்டுவதில் அர்த்தமில்லை. அது ராத்திரி நீள்வதற்குக் காத்திருக்கிறது. ஆடியில் போட்டவர்களுக்குக் கார்த்திகையில் பூக்கும். இப்போது போடுகிறவர்கள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்களைத் தேர்ந்தெடுங்கள், அவற்றுக்குப் பகல் இரவுக் கணக்குத் தேவையில்லை.

முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி, கீரை இவற்றுக்கு அவசரப்படாதீர்கள். அடைமழையில் கீரை விதை மண்ணோடு அடித்துக்கொண்டு போகும். கார்த்திகை பாதியில், மழை விட்டு விட்டுப் பெய்யும்போது விதையுங்கள். குளிர் சேரச் சேரக் கிழங்கு நன்றாகத் திரளும். சின்ன வெங்காயம் நம் பல்லடம், பொங்கலூர் பூமிக்குச் சொந்தப் பயிர். சமையலறைக் கூடையில் முளைவிட்டதை எடுத்து மேட்டுப் பாத்தியில் ஊன்றுங்கள். பள்ளத்தில் ஊன்றினால் அழுகும்.

முருங்கை வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலம் என்றாலே கம்பளிப்பூச்சி. பகலில் தண்டில் கூட்டமாக அப்பிக் கிடக்கும். அந்த நேரத்தில் சோப்புக் கரைசலை வேகமாகப் பீய்ச்சினால் விழும். மரத்தையே வெட்டிச் சாய்க்க வேண்டாம். மல்லிகை இருந்தால் கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில், முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டுக் கவாத்து செய்யுங்கள். வெட்டும்போது கை நடுங்கும். வெட்டாவிட்டால் பங்குனியில் பூ இருக்காது.

உரம் இந்த மாதம் அள்ளிப் போடாதீர்கள், மழையோடு போய்விடும். ஆனால் தைப்பட்டத்துக்கு வேண்டிய உரத்தைச் சேர்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஏன் தெரியுமா? ஆயுத பூஜை வருகிறது. நம் ஊரில் பவர்டேபிள் முதல் பாய்லர் வரை செண்டுமல்லி மாலை ஏறும். கேட்டுக்குக் கேட்டு வாழை மரம் கட்டுவார்கள். தெருவுக்குத் தெரு பூசணிக்காய் உடைப்பார்கள். மூன்றாம் நாள் அத்தனையும் குப்பை வண்டியில் போகும். வாழைத் தண்டில் சாம்பல் சத்து நிறைய உண்டு. அதைத் துண்டு போட்டு, நார், பிளாஸ்டிக், தெர்மகோல் எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, பூவும் பூசணியும் காய்ந்த இலையும் அடுக்கடுக்காகச் சேர்த்து, மழை நேராக விழாமல் மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் உரம். நடுச்சாலையில் கிடக்கும் பூசணியை எடுப்பதால் வண்டியில் போகிறவன் வழுக்கி விழாமலும் இருப்பான்.

வீட்டுத் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் 2015-இல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்று மரம் நடும் இயக்கம் தொடங்கினார்கள். முதலில் பலர் சிரித்தார்கள். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை இன்று பத்து லட்சத்தைக் கடந்துவிட்டது. அருகிலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-இல் பறவைகள் சரணாலயமானது, 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பிடித்தது. குளிர்காலத்தில் அங்கே வரித்தலை வாத்து வருகிறது, இமயமலைக்கு அப்பாலிருந்து. அங்கே குளிர் கடுமையாகும்போது அது கிளம்பி, இங்கே தண்ணீரும் பச்சையும் இருக்கும் என்று நம்பி வருகிறது. பறவைக்குத் தெரிந்திருக்கிறது, இது நம் ஊர் திறக்கிற பருவம் என்று.

கடைசியாக ஒரு செடி. லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவர்களும் இதை வைக்கலாம், வாசலில் ஒரு வாளிக்கு இடமிருந்தால் போதும். பருத்தி.

சிரிக்காதீர்கள். என் பேத்தியிடம் பனியன் எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். "கோனிலிருந்து" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை, அவள் பார்த்தது அவ்வளவுதான். கொங்கு மண்ணில் ஆவணி, புரட்டாசியில் பருத்தி விதைத்து, தை மாசியில் எடுத்த காடுகள் எத்தனையோ இருந்தன. கரிசல் காட்டுப் பருத்தியை நம்பித்தான் இந்தப் பக்கம் ஜின்னிங் ஆலைகளும் மில்களும் வந்தன. இன்று நம் மில்களுக்கு வரும் பஞ்சில் பெரும்பகுதி குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது. பருத்தியால் வாழ்கிற ஊரில் பருத்திச் செடியைப் பார்த்திராத பிள்ளைகள் வளர்கிறார்கள்.

போன வருஷம் ஐப்பசி தொடக்கத்தில் பேத்தி கையால் ஒரு விதை ஊன்ற வைத்தேன். பொங்கலை ஒட்டி முதல் பூ வந்தது. காலையில் பார்த்தால் பாலேடு நிறம். மறுநாள் அதே பூ ரோஜா நிறமாக மாறியிருந்தது. யாரோ ராத்திரியில் சாயம் போட்டுவிட்டார்கள் என்று அவள் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். திருப்பூர்ப் பிள்ளை, வேறு எப்படி யோசிக்கும்! மாசி கடைசியில் காய் நான்கு பிளவாக வெடித்துப் பஞ்சு எட்டிப் பார்த்தது. மொத்தம் ஒன்பது காய். ஒரு பனியனுக்கு ஆகாது. கார்த்திகைத் தீபத்துக்குத் திரி திரிக்க ஆகும், பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்.

தீபாவளிக்கு முன்னால் போனஸ் வரும், லீவு வரும், ஊருக்கு பஸ் பிடிக்கும் அவசரம் வரும். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறு எனக்காக ஒதுக்குங்கள். பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவுங்கள், அடியில் ஐந்து துளை போடுங்கள், ஒரு விதை ஊன்றுங்கள், ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். நீங்கள் இல்லாத பத்து நாளும் தண்ணீர் ஊற்ற மழை இருக்கிறது. ஊற்றியது வெளியே போக வழி இருக்கிறதா என்பதை மட்டும் போகும்முன் ஒருமுறை வாளியைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.